ஹாஜிரா பீயின் கைநாட்டு

ஹாஜிரா பீக்குக் கோபம் வரக் காரணமே வேண்டாம் என்று மீர்சாகிப்பேட்டையில் சொல்லுவார்கள். சுத்தப் பொய். காரணம் எப்போதும் இருந்தது. சொன்னவர்கள் கண்ணில் அது படவில்லை, அவ்வளவுதான். குழாயடியில் பிள்ளைத்தாய்ச்சியை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போனவளின் குடத்தை எட்டி உதைத்தாள். பெண்டாட்டியை நடுத்தெருவில் அடித்தவனின் லுங்கியைப் பிடித்து இழுத்து, அவன் இரண்டு கையாலும் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது நறுக்கென்று நாலு கேள்வி கேட்டாள். இதெல்லாம் காரணமில்லாத கோபமா?

அவள் புருஷன் சர்தார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். வாந்திபேதி கண்டு ஒரே நாளில் போய்விட்டான். அப்போது அவளுக்கு வயது இருபத்தாறு, பிள்ளைகுட்டி இல்லை. இன்னொரு நிக்காவுக்கு இரண்டு மூன்று பேர் கேட்டு வந்தார்கள். "ஒருத்தனுக்கு ஆக்கிப் போட்டதே போதும், போய்ச் சேருங்க" என்று வந்த வழியே அனுப்பிவிட்டாள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தும் பீடி சுற்றியும் வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தவளுக்குப் பள்ளிக்கூட வேலை வந்தது ஒரு விசித்திரம்.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு பெண்கள் ஹைஸ்கூல் இருந்தது. முஸ்லிம் வீட்டுப் பெண்களும் அங்கே வந்து படிக்க வேண்டும் என்று தலைமையாசிரியை சீதா அம்மாள் ஆசைப்பட்டார். வீடுகளில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள்: திரை போட்ட வண்டி வர வேண்டும், வண்டியில் எங்களவள் ஒருத்தி கூடவே இருக்க வேண்டும், இல்லையென்றால் பெண் வாசல் தாண்டாது. அப்படித்தான் 1935ஆம் வருஷம் ஹாஜிரா பீ பள்ளிக்கூடத்து வண்டி ஆயா ஆனாள். மாட்டை ஓட்டியவன் வலியுல்லா, அவளுக்குத் தம்பி முறை. மீர்சாகிப்பேட்டையில் புறப்படும் வண்டி இராயப்பேட்டை, ஆழ்வார்பேட்டை என்று வீடு வீடாக நின்று, லஸ் வழியாகப் பள்ளிக்கூடம் வந்து சேரும். திரையும் ஆயாவும் இருப்பதைப் பார்த்துவிட்டு இந்து வீடுகளிலும் எங்கள் பெண்ணையும் ஏற்றிக்கொள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு நடைக்குப் பத்துப் பெண்கள், காலையில் இரண்டு நடை, சாயங்காலம் இரண்டு நடை.

ஏற்றி இறக்குவதுதான் வேலை என்று பள்ளிக்கூடத்தில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் அழுவதற்கு இடம் கிடையாது. வகுப்பில் அழுதால் டீச்சர் பெஞ்சின் மேல் ஏற்றுவாள். வீட்டில் அழுதால் அம்மா படிப்பையே நிறுத்திவிடுவாள். ஆகவே பெண்கள் வண்டியில் அழுதார்கள். முதன்முதலாகத் துணியில் கறை பட்டுப் பயந்து நடுங்கியவள், இரண்டு நாளாகச் சாப்பிடாமல் வந்து மயங்கியவள், பரீட்சையில் முட்டை வாங்கியவள், மாற்றாந்தாயிடம் சூடு பட்டவள் எல்லாரும் ஹாஜிரா பீயின் மடியில்தான் முகத்தைப் புதைத்தார்கள். பெண்கள் அவளைப் பீம்மா என்று கூப்பிடுவார்கள். அவள் சேலைத் தலைப்பில் எப்போதும் வறுத்த கடலையும் ஒரு சுத்தமான துணியும் முடிந்திருக்கும். எந்த வீட்டிலும் சமையலறை வரை போகும் உரிமை அவளுக்கு இருந்தது. போய், யாரிடம் எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லி, சொல்லக் கூடாததை விழுங்கிவிட்டு வருவாள். சூடு போட்ட மாற்றாந்தாயிடம் அவள் என்ன சொன்னாள் என்பது இன்றுவரை தெரியாது. அந்தப் பெண்ணுக்கு மறுபடி சூடு விழவில்லை.

பள்ளிக்கூடத்தில் வண்டிப் புத்தகம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். வாரம் முழுவதும் அது வண்டியில் பலகைக்கு அடியில் இருக்கும். சனிக்கிழமை ஹாஜிரா பீ அதை எடுத்துக்கொண்டுபோய் ஆபீசில் கொடுத்து, வாரத்தில் நடந்ததை வாயால் சொல்ல வேண்டும். குமாஸ்தா கல்யாணராமன் அதை இங்கிலீஷில் எழுதி, மைப்பெட்டியை நகர்த்தி, "வை" என்பார். அவள் பெருவிரலை வைப்பாள். அச்சாணி முறிந்தது, மாட்டுக்குக் காலில் ஆணி ஏறிற்று, இன்ன வீட்டுப் பெண் தாமதம் என்று பதினோரு வருஷமாக இதே கதைதான். அவர் எழுதியதை ஒருநாளும் படித்துக் காட்டியதில்லை. காட்டச் சொல்லி அவளும் கேட்டதில்லை.

1947ஆம் வருஷத்து ஜனவரி மாதம். ஆறாம் பாரம் படித்த ஜெயபாரதி சாயங்கால நடையில் ஏறினாள், முகம் வெளிறிப்போயிருந்தது. அவள் அப்பா சுயம்புலிங்கம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கதர்க்காரர், பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார்; வீடு ஆழ்வார்பேட்டையில். எஸ்.எஸ்.எல்.சி. தேறினால் காலேஜுக்கு அனுப்புகிறேன், தேறாவிட்டால் சித்திரையில் தாய்மாமன் மகனுக்குக் கல்யாணம் என்று மகளிடம் பேசி வைத்திருந்தார். தமிழும் சரித்திரமும் அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கணக்குதான் காலை வாரியது. அதனால் நாலு மணிக்கு மேல் கணக்கு வாத்தியார் வெள்ளைத்துரை நடத்திய ஸ்பெஷல் கிளாசில் சேர்ந்திருந்தாள்.

மற்றப் பெண்கள் வந்து ஏறுவதற்குள் அவள் விஷயத்தைச் சொன்னாள். நோட்டுத் திருத்துகிறேன் என்று வாத்தியார் பக்கத்தில் வந்து உட்காருகிறார். பென்சிலைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று கையைப் பிடித்தால் விடுவதில்லை. தோளில் கை போடுகிறார். நேற்று எழுந்து ஓடப் பார்த்தவளைக் கதவருகே மறித்துக்கொண்டு, எஸ்.எஸ்.எல்.சி. எழுத விடலாமா என்று பார்க்கும் செலக்ஷன் பரீட்சையில் மார்க் போடுவது யார் கை தெரியுமா என்று கேட்டிருக்கிறார்.

"இன்னாத்துக்கு இத்தினி நாளு சொல்லல?" என்றாள் ஹாஜிரா பீ.

"சொன்னா அப்பா படிப்ப நிறுத்திருவாக. பீம்மா, நீ யார்ட்டயும் சொல்லாத. என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணு."

ஹாஜிரா பீ சத்தியம் பண்ணினாள்.

அன்று வீட்டுக்குப் போனவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஆளின் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி அவள் மேலேயே திரும்பியது. ஆண் வாத்தியார் பாடம் எடுத்தால் வகுப்பின் கடைசியில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்து விதி. பகலில் தையல் டீச்சர் உட்காருவாள். நாலு மணிக்கு அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். அதற்குமேல் உட்கார வேண்டியவள் ஆயா. ஆயாவோ அந்த நேரத்தில் முதல் நடைப் பெண்களை ஏற்றிக்கொண்டு மீர்சாகிப்பேட்டைக்குப் போய்விடுவாள். இரண்டாவது நடைக்கு அவள் திரும்பி வரும் ஒரு மணி நேரம் அந்த வகுப்பில் காவலுக்கு யாருமில்லை. ஒரே ஆயா ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் எப்படி இருப்பாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கும் அது தோன்றவில்லை. தோன்றக் கூடாத ஒருவனுக்கு மட்டும் தோன்றியிருக்கிறது.

மறுநாள் சத்தியத்தை மீறினாள். அந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தான் மீறினாள் என்றாலும் மீறினது மீறினதுதான். சீதா அம்மாளின் அறைக்குப் போய்த் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். சீதா அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, "வாயால சொன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது ஹாஜிரா. எழுத்துல வரணும். சனிக்கிழமை புஸ்தகத்துல சொல்லிடு, நான் பார்த்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொள்கிறேன் என்றால் பார்த்துக்கொள்வார்கள் என்று அவள் நம்பினாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்தின் மேல் இருக்கும் நம்பிக்கை படித்தவர்களுக்குக்கூடக் கிடையாது. சனிக்கிழமை கல்யாணராமனிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் நாலு வரி எழுதினார். அத்தனை பெரிய சங்கதி நாலு வரியில் அடங்கிவிட்டதா என்று ஒரு நொடி யோசித்தாள். "வை" என்றார். வைத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஜெயபாரதி வண்டிக்கு வரவில்லை. அப்பா வந்து மத்தியானமே கூட்டிப்போய்விட்டார் என்றார்கள். வியாழக்கிழமை காலை வழக்கம்போல ஆழ்வார்பேட்டை வீட்டு முன்னால் வண்டி நின்றது. சுயம்புலிங்கமே வாசலுக்கு வந்தார்.

"வண்டிய நிப்பாட்டாத, போ."

"இன்னா சாமி, பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்பா? எம்மக நடத்த சரியில்லன்னு டி.சி. கிழிச்சுக் குடுத்துட்டாக. கைநாட்டு வச்சது நீதான? அந்தம்மா புஸ்தகத்தத் தொறந்து காட்டுனாக, என் ரெண்டு கண்ணால பாத்தேன். வெள்ளைத்துரை எங்க ஊர்ப்பக்கத்து ஆளு, அவுக அப்பாவ எனக்குத் தெரியும். அவரப் போய் என்னமோ சொல்லுதான்னு... சீ! ஒன்ன நம்பித்தான வயசுப் பிள்ளைய இந்த வண்டில ஏத்துனேன்?"

ஹாஜிரா பீ வாயைத் திறப்பதற்குள் கதவு சாத்தப்பட்டது. பக்கத்து ஜன்னலில் ஜெயபாரதி நின்றிருந்தாள். அழவில்லை. ஹாஜிரா பீயை ஒரு முறை பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

வண்டி நகர்ந்ததும் ஹாஜிரா பீ பலகைக்கு அடியிலிருந்த புத்தகத்தை உருவினாள். பதினோரு வருஷமாக அதன்மேல் உட்கார்ந்துகொண்டு போய்வந்திருக்கிறாள். ஐந்தாம் பாரத்துக் கமர் ஜஹானிடம் நீட்டி, "கடைசியா என் விரல் கீது பாரு, அதுக்கு மேல இன்னா எழுதிக்கீதுன்னு படி" என்றாள்.

கமர் ஜஹான் மனசுக்குள் படித்துவிட்டுத் தயங்கினாள். "படிடீ" என்று அதட்டல் விழுந்ததும் தமிழில் சொன்னாள்: ஆறாம் பாரம் ஜெயபாரதி, ஆசிரியர் ஒருவரைப் பற்றி வண்டியில் தகாத பேச்சுப் பேசி மற்றப் பெண்களின் மனத்தைக் கெடுக்கிறாள். இதனால் வண்டியில் ஒழுங்கு குலைகிறது என்று ஆயா புகார் செய்கிறாள்.

"நானா? நானா சொன்னேன் அத்த?" ஹாஜிரா பீ போட்ட கூச்சலில் வலியுல்லா மாட்டை நிறுத்திவிட்டான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்தவன் சுகமாகச் சாக்பீசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், பழி ஒரு குழந்தை தலையில், அதை அங்கே ஏற்றி வைத்தது அவளுடைய விரல். அந்த விரலைச் சேலையில் தேய்த்தாள், தேய்த்தாள், தோல் எரிகிறவரை தேய்த்தாள்.

கமர் ஜஹான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "பீம்மா, போன வருஷம் நான் ஸ்பெஷல் கிளாஸ் வேணாம்னு நின்னேனே, ஏன்னு நீ கேட்டே. தலைவலின்னேன்" என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த இன்னொரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "வீட்ல மட்டும் சொல்லிடாதே பீம்மா. நாளைக்கே என்ன உள்ள உக்கார வச்சிடுவாங்க" என்று கமர் ஜஹான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் வந்ததும் ஹாஜிரா பீ நேரே சீதா அம்மாளின் அறைக்குள் நுழைந்தாள். செருப்பைக் கழற்றவில்லை.

"கதவைச் சாத்து" என்றார் சீதா அம்மாள்.

"இன்னாத்துக்குச் சாத்தணும்? நான் சொன்னது ஒண்ணு, அந்தய்யா எழுதனது ஒண்ணு. பாத்துக்கறேன்னு சொன்னீங்களே, இதுதான் பாத்த லட்சணமா?"

"மெதுவாப் பேசு. இந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டி நிறுத்த நான் என்ன பாடு பட்டுண்டிருக்கேன்னு உனக்குத் தெரியும். வாத்தியார் மேல ஒரு சொல் வெளியில போச்சுன்னா, நாளைக்கே நூறு பொண்ணை ஆத்துல உக்காத்தி வெச்சுடுவா. முதல்ல நிக்கறது உங்க மனுஷா வண்டிதான். ஒருத்திக்காக நூறு பேர் படிப்பு பாழாகணுமா? பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருக்கு. இப்ப நான் கணக்குக்கு எங்க போய் ஆள் தேடறது?"

அதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் ஹாஜிரா பீயை இன்னும் கொதிக்க வைத்தது. சீதா அம்மாள் பதினாறு வயதில் தாலி அறுத்து, வீட்டோடு சண்டை போட்டுப் படித்து வந்தவர் என்பது அவளுக்குத் தெரியும். அப்படி வந்தவரின் வாயிலிருந்தா இந்தப் பேச்சு?

"அந்த ஒருத்தி இவதான்னு எப்பிடிம்மா பொறுக்கி எடுத்தீங்க? அவன வெளிய போடான்னா நூத்தியோரு பொண்ணும் படிக்குமே!"

"போய் வேலையைப் பார், ஹாஜிரா."

வேலையைப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாள் என்றால், அன்று நாலு மணிக்கு முதல் நடை புறப்படவில்லை. மாட்டுக்குக் கால் நோவு என்று வலியுல்லாவைச் சொல்ல வைத்துவிட்டு, எல்லாப் பெண்களையும் முற்றத்தில் உட்கார்த்தி, தான் ஆறாம் பாரத்து வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஸ்பெஷல் கிளாஸ் முடிகிறவரை வெள்ளைத்துரையின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் முதுகைப் பார்த்தாள். "என்ன ஆயா, உனக்கும் அல்ஜீப்ரா வேணுமா?" என்று சிரித்துப் பார்த்தார். "நீ நடத்து, நான் கத்துக்கினு போறேன்" என்றாள். மறுநாளும் மாட்டுக்குக் கால் நோவு. அதற்கு மறுநாளும். இரண்டு வாரம் அந்த மாட்டுக்கு நோவு தீரவே இல்லை.

ஆனால் அது இருக்கிற பெண்களுக்குக் காவல். போன பெண்ணுக்கு என்ன வழி? தினமும் ஆழ்வார்பேட்டை வீட்டைத் தாண்டித்தான் வண்டி போயிற்று. ஒருநாள் வாசலில் பித்தளைப் பாத்திரங்களை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண வேலை ஆரம்பமாகிவிட்டது. ஹாஜிரா பீக்கு வீடு வீடாகப் போய் அம்மாக்களிடம் கத்திவிட்டு வர ஒரு நிமிஷம் ஆகாது. கத்தினால் கமர் ஜஹான் சொன்னதும் நடக்கும், சீதா அம்மாள் சொன்னதும் நடக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பெண்களின் படிப்பில்தான் கத்தி விழுகிறது. இப்படி ஓர் ஏற்பாட்டை எந்தப் பாவி பண்ணி வைத்தான் என்று வலியுல்லாவைக் கேட்டாள். அவன் மாட்டைத் தட்டிக்கொடுத்தான்.

பிப்ரவரியில் இன்ஸ்பெக்ஷன் வந்தது. திரை வண்டிக்குச் சர்க்கார் தனியாக மான்யம் கொடுத்ததால், இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வண்டியையும் புத்தகத்தையும் பார்த்து ஆயாவை நேரில் விசாரிப்பது வழக்கம். வருஷா வருஷம் ஐந்து நிமிஷத்துச் சடங்கு. பெண்களின் பெயரைக் கூப்பிடுவார், வண்டியிலிருக்கும் தலைகளை எண்ணுவார், திரை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

இந்த வருஷம் பெயர்ப் பட்டியலில் ஒரு தலை குறைந்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் ஏடுகளைப் புரட்டி அந்த நாலு வரியில் நின்றார். பக்கத்தில் சீதா அம்மாளும், மைப்பெட்டியோடு கல்யாணராமனும் நின்றிருந்தார்கள்.

"இது உன் கைநாட்டுதானே?" என்று கேட்டார்.

"வெரலு என்னுது. பேச்சு என்னுது இல்ல."

"ஹாஜிரா!" என்றார் சீதா அம்மாள்.

"இருங்கம்மா. பதினோரு வருசமா அவரு 'வை'ன்னாரு, நான் வச்சேன். இன்னிக்கி நான் சொல்றேன், அவரு எழுதட்டும். தமிழ்ல எழுதட்டும்." கமர் ஜஹானை வண்டியிலிருந்து இறக்கித் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். "இந்தப் பொண்ணு படிச்சுச் சொல்லட்டும். நான் சொன்னது அதுல இருந்தாத்தான் வெரல வெப்பேன்."

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் மற்றப் பெண்களை வகுப்புக்கு அனுப்பச் சொன்னார். ஆபீஸ் கதவைச் சாத்தினார்கள். ஹாஜிரா பீ சொல்லச் சொல்லக் கல்யாணராமன் எழுதினார். வியர்த்து வியர்த்து எழுதினார். நாலு மணிக்கு ஆயா எங்கே போகிறாள், வகுப்பில் யார் இருக்கிறார்கள், கதவருகே மறித்துக்கொண்டு அந்த ஆள் என்ன கேட்டான், தான் பெரிய டீச்சரம்மாவிடம் எந்தக் கிழமை சொன்னாள், அதற்கு அவர் என்ன பதில் சொன்னார், எல்லாம். ஜெயபாரதியின் பெயரை மட்டும் சொன்னாள். வேறு எந்தப் பெண்ணின் பெயரும் அவள் வாயிலிருந்து வரவில்லை. மூன்று பக்கம் வந்தது. கமர் ஜஹான் வரி வரியாகப் படித்தாள். ஓர் இடத்தில் "பலவந்தமாக" என்பதற்குப் பதில் "அன்பாக" என்று இருந்தது. ஹாஜிரா பீ கல்யாணராமனைப் பார்த்தாள். அவர் அடித்துவிட்டுத் திருத்தினார். பிறகுதான் விரலை வைத்தாள்.

சர்க்கார் அம்மாள் நீதியைக் கொட்டி நிரப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். உள்ளே ஒரு மணி நேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். முடிவில் ஜெயபாரதியின் டி.சி.யைத் திரும்ப வாங்கிக் கிழித்தார்கள். அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் நடத்தை நன்று என்று ஏறியது. வெள்ளைத்துரை சொந்தக் காரணத்தால் விலகிக்கொண்டார். அவருக்கு மாலை போட்டு, காராபூந்தி கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பி வைத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பெயருக்குப் பங்கம் வரக் கூடாதல்லவா? முற்றத்தில் நின்று அந்த மாலையைப் பார்த்த ஹாஜிரா பீக்குப் பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாளே கடிதம் போட்ட பிறகுதான் சுயம்புலிங்கம் மகளை அனுப்பினார். திங்கட்கிழமை ஜெயபாரதி வண்டியில் ஏறி, ஹாஜிரா பீக்குப் பக்கத்தில் இல்லாமல் எதிர்ப் பலகையில் உட்கார்ந்தாள்.

"சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியே" என்றாள்.

"பண்ணேன்."

"என்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்லா?"

"கேட்டிருக்கணும். தப்பு என்னுதுதான்" என்றாள் ஹாஜிரா பீ. அவள் யாரிடமும் அப்படி ஒப்புக்கொண்டதை வலியுல்லா அதற்குமுன் கேட்டதில்லை.

ஜெயபாரதி தலையாட்டினாள். மார்ச்சில் பரீட்சை எழுதினாள், தேறினாள், கணக்கில் நாற்பத்திரண்டு மார்க். ஆனால் அந்த ஒன்றரை மாதத்தில் அவள் ஹாஜிரா பீயிடம் தன்னைப் பற்றி எதையும் சொல்லவில்லை. கடலை கொடுத்தால் வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். அது ஹாஜிரா பீக்குக் கடைசிவரை ஆறாத புண்.

ஏப்ரலில் பள்ளிக்கூடம் மூடும் நாளன்று அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். வரும் வருஷத்திலிருந்து வண்டிக்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஆயாவை வைக்கப்போகிறோம், கைநாட்டு ஆள் சரிப்படாது என்றார்கள். எழுதத் தெரிந்தவர் எழுதிய லட்சணத்தைப் பார்த்த பிறகும்! ஹாஜிரா பீ அதிசயமாக ஒன்றும் சத்தம் போடவில்லை. நாலு மணிக்கு மேல் ஸ்பெஷல் கிளாசில் யார் உட்காருவார்கள் என்று மட்டும் கேட்டாள். தையல் டீச்சர் ஐந்து மணி வரை இருப்பாள் என்று சீதா அம்மாள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். சரி என்று வந்துவிட்டாள். மறுபடி பீடி சுற்ற உட்கார்ந்தாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறந்து பத்து நாள் இருக்கும். வலியுல்லா வந்தான். பனகல் பார்க் பக்கம் வாடகைக்குப் போயிருந்தானாம். அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து வாசலில் வெள்ளைத்துரை குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்தானாம். விசாரித்ததில், புது வாத்தியார், மயிலாப்பூரிலிருந்து நல்ல சர்டிபிகேட்டோடு வந்தவர் என்றார்களாம்.

ஹாஜிரா பீ மடியிலிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்தாள். மீர்சாகிப்பேட்டையிலிருந்து தியாகராய நகருக்கு நடந்தே போனாள். வழியெல்லாம் வாய்விட்டுத் திட்டிக்கொண்டு போனாள். சர்டிபிகேட் எழுதிய கையை, அதில் முத்திரை குத்திய கையை, மாலை கட்டிய கையை, எதையும் விட்டுவைக்கவில்லை. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். இந்தத் தடவை ஆபீசுக்குப் போவதில்லை என்று தீர்மானித்திருந்தாள்.

பள்ளிக்கூடத்து வாசலில் காவல்காரனிடம், "இங்க ஆயா யாரு? கொஞ்சம் வரச் சொல்லு" என்றாள்.

முப்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நெற்றியில் பெரிய குங்குமம், இடுப்பில் சாவிக்கொத்து. யார், என்ன வேணும் என்று கேட்டாள்.

"நானும் ஒன்ன மாதிரி ஆயாதான், மயிலாப்பூர்ல இருந்தேன். இங்க புதுசா ஒரு வாத்தியாரு வந்துகிறாராமே" என்று ஆரம்பித்தாள் ஹாஜிரா பீ.

அந்தப் பெண் முகம் மாறியது. திரும்பி வகுப்புகளின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிட்டத்தில் வந்தாள்.

"கணக்கு வாத்தியாரா?" என்று கேட்டாள்.